பந்துக்காக வந்த பல் செட்டு

புது வாலிபால் பந்துக்கு ஒரு வாசனை உண்டு. தோலும் பசையும் கலந்தது. எட்டாவது படிக்கும்போது அதை நான் விளையாட்டு அறையின் சன்னல் கம்பி வழியாகத்தான் மோந்திருக்கிறேன். திருவண்ணாமலையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பந்து பையன்களுக்கு, பெண்களுக்கு "ரிங்கு" என்கிற ரப்பர் வளையம். யார் போட்ட சட்டமோ, இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் இங்கிலீஷ் சார் 'செட்' என்ற சொல்லைப் பலகையில் எழுதி, அதற்கு அதிகப் பொருள் கொண்டுவருவது பையன்களா பெண்களா என்று போட்டி வைத்தார். அகராதியைப் பார்த்து எழுதினால் செல்லாது. நம் ஊரில் யார் வாயிலாவது வருகிற பொருளாக இருக்கவேண்டும், சந்தேகம் வந்தால் சாட்சி காட்டவேண்டும். நான் எழுந்து, "நாங்க ஜெயிச்சா பந்து எங்களுக்கு சார்" என்றேன். பையன்கள் சிரித்தார்கள். சார் ஒத்துக்கொண்டார், எப்படியும் தோற்றுவிடுவோம் என்று நினைத்திருப்பார்.

நானும் செல்வியும் மும்தாஜும் காதைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தோம். கீழ்பென்னாத்தூர் மாமா நிலத்தில் "பம்பு செட்டு", ஓட்டலில் "செட் தோசை", செல்வி வீட்டு மாடியில் கொத்தனார் "இன்னும் செட் ஆவல, கால வெக்காத" என்று கத்தியது, எல்லாவற்றையும் பொறுக்கினோம். பையன்களும் சும்மா இருக்கவில்லை. போட்டியன்று இரண்டு பக்கமும் சமமாக வந்து நின்றது.

கடைசியில் மும்தாஜ், "பல் செட்டு" என்றாள்.

"அப்டி யாரு சொல்றா? கட்டுப் பல்லுன்னுதான் சொல்லுவாங்க" என்று பையன்களின் தலைவன் குமார் குதித்தான்.

மும்தாஜ் ஓடினாள். பள்ளிக்கு எதிரே மைக் செட் கடை வைத்திருந்த தன் மாமா காதர் பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். பௌர்ணமி கிரிவலத்தில் காணாமல் போனவர்களை மைக்கில் கூப்பிடும் குரல் அவருடையதுதான்.

"இதுக்கு இன்னா பேரு பாய்?" என்று சார் பாயின் பல்வரிசையைக் காட்டிக் கேட்டார். பாய் சாட்சியையே கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பஃ ஃபெட்டு" என்றார். வகுப்பே உருண்டு சிரித்தது.

"சார், அவரு ஃபெட்டுன்றாரு. செல்லாது!" என்றான் குமார்.

பாய் பல்லை மாட்டிக்கொண்டார். "ஏண்டா, பல்லு இல்லாம எப்புட்றா பேச்சு வரும்? பல் செட்டு! பல் செட்டு! போதுமா?" கிரிவலப் பாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

'செட்' என்ற சொல்லுக்கு இரண்டு பூர்வீகம் என்றார் சார். உட்கார வைப்பது என்ற பழைய இங்கிலீஷ் சொல் ஒன்று. லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது இன்னொன்று, அதற்கு ஒருவர் பின்னால் போகிற கூட்டம் என்று அர்த்தம். இரண்டும் போகப்போகக் கலந்துவிட்டனவாம். எனக்குப் பாதிதான் காதில் ஏறியது. பந்து என் மடியில் இருந்தது.

இப்போது அந்தப் பள்ளி மைதானத்தில் கார் நிறுத்துகிறார்கள். வலைக் கம்பம் இல்லை. பாய் கடையில் யாரோ செல்போன் விற்கிறார்கள். போன மாதம் நாங்கள் மூன்று பேரும் ஒரு பந்து வாங்கிக்கொண்டு அங்கே போனோம். கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர், "யாரும்மா நீங்கல்லாம்? இந்த வயசுல பந்தா?" என்றான்.

"நாங்க எட்டாங்கிளாஸ் செட்டு. வண்டிய எடு" என்றேன்.

எடுத்தான்.