பூட்டுப் போட்டவர் கையில் சாவி

எனக்குப் பிற ஆட்களோடு கதைக்கவே கூச்சம். மகள் ஏழாம் தரத்துக்குப் போனபோது, பாடத்துக்கென்று வாங்கிய போனைக் கல்முனையில் ஒரு போன் கடையில் கொடுத்து, "புள்ளைக்குக் கூடாததெல்லாம் வராமப் பூட்டித் தாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல, மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கடைக்காரரே போட்டுத் தந்தார்.

மூன்று மாதம் கழித்து மகள் கேட்டாள்: "உம்மா, போனப் பூட்டித் தந்த கடக்கார நானா என்னக் கண்டுட்டு, 'நேத்துக் கடற்கரைக்குப் போனீங்கதானே' எண்டாரு. அவருக்கு எப்படித் தெரியும்?"

போனைத் திறந்து பார்த்தோம். பெற்றோர் என்ற இடத்தில் அவருடைய கணக்கு இருந்தது. மகள் போகுமிடமெல்லாம் அவருடைய போனில் தெரிந்திருக்கிறது.

"ராத்தா, பெரிசாக்காதீங்க. புள்ளட பேருதான் கெடும்" என்றாள் தங்கை.

"பாத்தவருக்கு வெக்கமில்ல, எனக்கென்ன வெக்கம்?" என்று கடைக்குப் போனேன். ஆட்கள் நிற்கும்போதே, "உங்கட போன்ல இருந்து என்ட மகளக் கழட்டுங்க" என்றேன்.

"உதவிக்குத்தானே வெச்சன்..." என்று இழுத்தார்.

"கழட்டுங்க!"

கழற்றினார்.

இப்போது பெற்றோர் கணக்கு என்னுடையது. மகளோடு உட்கார்ந்து நானே போட்டேன். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் மற்ற உம்மாமாருக்கும் காட்டிக் கொடுக்கிறேன்.

பத்திரிகைக்கு இதை எழுதவே வேண்டாம் என்றாள் தங்கை. எழுதிவிட்டேன்.