மிட்ஃபீல்டர் நிரோஜன், என் மகனின் மகன்

எங்கள் நிரோஜன் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை காலமை, நித்திரையிலேயே... ஹார்ட் என்று டொக்டர் சொன்னார்.

முப்பத்திரண்டு வயது. என் மூத்த மகனுக்கு ஒரே பிள்ளை.

நேற்று வந்த மரண அறிவித்தலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "மிசிசாகா விமான நிலைய ஊழியர்" என்று போட்டிருக்கிறது. பொய் இல்லை. கடைசிக் காலத்தில் அங்கே பெட்டி ஏற்றி இறக்கினவன்தான்.

ஆனால் என் பேரன் ஃபுட்போல் பிளேயர். சுவீடனிலும் மால்டாவிலும் சம்பளத்துக்கு விளையாடினவன். அதை ஏன் போடவில்லை என்று மகனைக் கேட்டேன்.

"உதைப் போட்டு என்னம்மா செய்யிறது? எந்த டீம் எண்டு கேப்பினம். சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. செத்த வீட்டிலயும் சனம் சிரிக்கும்."

சொல்லிவிட்டு அவனே அழுதான்.

உண்மைதான். ஒருவருக்கும் தெரியாத டீம், சின்னச் சின்ன ஊர்கள்... பார்க்க வந்த சனத்தைவிட வெறும் கதிரைதான் கூட.

ஆனால் நான் பார்த்தேன். இங்கே ரொறன்ரோவில், டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில், விடியக் காலமை தேத்தண்ணியோடு, இன்டர்நெட்டில் வருவதை டிவியில் பெரிதாகப் போட்டு ஒரு மட்ச் விடாமல் பார்த்தேன்.

பார்த்தேன் என்று சொன்னாலும்... கமரா பந்துக்குப் பின்னால்தான் ஓடும். இவன் காலில் பந்து பட்டதும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டு விலகிவிடுவான். "அந்தா நிரோஜன்" என்று நான் சொல்லி முடிக்க ஆள் டிவியில் இருக்கமாட்டான்.

போனில் கேட்டேன், "பந்தைக் கொஞ்ச நேரம் வச்சிருந்து குடன் அப்பு. அப்பம்மா பாக்க வேண்டாமே?"

"வச்சிருந்தா கோச் என்னை பெஞ்சில இருத்திப்போடுவார் அப்பம்மா. மிட்ஃபீல்டர் எண்டா அதான் ஜொப். வாங்கிறது, குடுக்கிறது."

லீவில் வந்திருந்தபோது அஜின்கோர்ட்டில் ஒரு கலியாண வீடு. எங்கள் சொந்தக்காரி ஒருத்தி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இந்த வருசம் எத்தினை கோல் அடிச்சனீர்?"

"ஒண்டும் இல்லை அன்ரி."

"அப்ப ஏன் உமக்குச் சம்பளம் தாறாங்கள்?"

"ஏனெண்டு நான் கேக்கேல்லை அன்ரி. கேட்டா நிப்பாட்டிப்போடுவாங்கள்."

மேசையே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். அப்போது அவனால் சிரிக்க முடிந்தது.

பிறகு முழங்கால் போனது. ஒப்பரேஷன் செய்தும் சரிவரவில்லை, மால்டாக்காரர் டீமிலிருந்து விலக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பையில் பூட்ஸ் இல்லை. "ஆருக்கோ குடுத்திட்டன்" என்றான், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் ஒரு மட்ச்கூடப் பார்க்கவில்லை. உலகக் கிண்ணம் என்று ஊரே காரில் கொடி கட்டிக்கொண்டு திரிந்தபோதும் இவன் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

ஒருநாள் வேலையால் வந்து சாப்பிடாமல் இருந்தான். என்னப்பு என்று கேட்டேன்.

"இண்டைக்கு ஒரு ஃபுட்போல் டீமின்ர பெட்டியள் எல்லாம் நான்தான் ஏத்தினன் அப்பம்மா. பக்கத்தில நிண்டவனிட்டை, நானும் ப்ரோவா விளையாடினனான் எண்டன்."

"அவன் என்ன சொன்னவன்?"

"சிரிச்சவன். ஜோக் எண்டு நினைச்சிட்டான்."

"நீ விளையாடின படத்தை எடுத்துக் காட்டியிருக்கலாமே?"

"வேண்டாம் அப்பம்மா. லீவ் இட்."

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு ஏர்போர்ட் வேலை என்றுதான் சொன்னான்.

அறிவித்தலை இனி மாற்ற ஏலாதாம். ரேடியோவிலும் வாசித்து முடிந்துவிட்டது.

அதனால் இங்கே எழுதுகிறேன். யார் வாசிப்பீர்களோ தெரியாது...

ரொறன்ரோவில் பிறந்து, சுவீடனிலும் மால்டாவிலும் மிட்ஃபீல்டராக விளையாடிய என் பேரன் நிரோஜன் காலமாகிவிட்டான்.

ராசா, அப்பம்மாவால் இவ்வளவுதான் ஏலும்.