கூட்டல் குறி ராஜாவின் காசு

பழைய நாணயம் விற்பவன் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வாங்குபவர்கள் கற்கும் முதல் பாடம். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் இருபது வருஷம் காசு விற்றவன் நான். ஆனால் இங்கே எழுதுவதில் முக்கியமான பகுதி நான் கண்ணால் பார்த்ததல்ல, நண்பன் தாமு சொன்னது. அதைப் பல வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே, நம்பியவன்போல நடந்துகொண்டேன். நாணயம் சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் உங்களுக்காவது இது புரியும்.

போண்டா விதி

தொண்ணூறுகளின் கடைசியில் மாதம் ஒரு ஞாயிறு, தையல் கடை மாடி ஒன்றில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். நாணயம் மாற்றி முடிந்ததும் ஒரு விளையாட்டு நடக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பொருளை, நாணயம் வைக்கும், நடுவில் கண்ணாடித்தாள் ஒட்டிய ஜன்னல் அட்டைக்குள் போட்டுப் பின் அடித்து, ‘மிக அரியது’ என்று எழுதி ஒருவர் கொண்டுவருவார். மற்றவர்கள் லென்ஸ் பிடித்து, முகம் மாறாமல் அதன் தரத்தைச் சொல்ல வேண்டும். முதலில் சிரிப்பவர் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும்.

ஒருமுறை வந்தது நெளிந்த சோடா மூடி. மதுராந்தகத்து நெல் மண்டியில் வேலை பார்த்த காஜா பாய் அட்டையைப் பிரித்து, மூடியை ஓரத்தில் மட்டும் விரல் படும்படி எடுத்து, ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கு எங்களிடம் மதிப்பில்லை. பாய் லென்ஸை இறக்கினார்: “துரு தானா புடிச்சதுப்பா. எவனும் புளி போட்டுத் தேய்க்கல. அதான் இத்தோட மரியாதையே.”

வாஷர்

ஞாயிறுகளில் கூட்டம் இல்லாதபோது மாமல்லபுரத்தில் கார்கள் நிற்குமிடத்தில் மேஜை போடுவேன். ஒருநாள், விளையாட்டுக்காகச் செய்திருந்த பம்புசெட் வாஷர் அட்டை விற்பனைக்கான அட்டைகளோடு கலந்துவிட்டது. மேலே ‘பல்லவர் காலமா?’ என்று என் கையெழுத்து. சென்னையிலிருந்து வந்த ஒருவர் அதை எடுத்தார். நான் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் கையை மூடிக்கொண்டார்.

விளையாட்டு என்றேன். அட்டையைக் கிழித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். சுண்டல் விற்பவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர் என் முகத்துக்கு மிக அருகில் வந்து, நிதானமாகக் கேட்டார்: “வாஷர்னு சொல்லி யாருக்குய்யா ஒளிச்சி வெச்சிகினு கீற?”

கூட்டல் குறி

ஜன்னல் அட்டைக்குள் போனது எதுவானாலும் பார்ப்பவர் கண்ணுக்குக் காசுதான் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு, கால்குலேட்டரிலிருந்து எடுத்த வட்ட செல் ஒன்றை அட்டையில் போட்டுக் கொண்டுபோனேன். நாலணா அளவு, அதே வெள்ளை மினுக்கு. ‘ராஜாவின் தலை இல்லை, சின்னம்: கூட்டல் குறி, நாடு தெரியவில்லை’ என்று எழுதியிருந்தேன்.

மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருந்த தாமு முதலில் சிரித்துவிட்டான். போண்டாவும் வாங்கினான். பிறகு அந்த அட்டையைத் தனக்கே தரச் சொன்னான். அவனுக்கு நான்கு வயதில் ஒரு பெண், செல்வி. அப்பா மடியில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டுவதுதான் அவளுக்கு விளையாட்டு. நான் யோசிக்கவே இல்லை, கொடுத்துவிட்டேன். தாமு சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டான்: “செல்விகிட்ட காட்றேன், அண்ணாத்த. கூட்டல் குறி ராஜா காசுன்னா நம்பிடும்.”

மூன்றாம் நாள்

அடுத்த இரண்டு கூட்டத்துக்குத் தாமு வரவில்லை. குழந்தை எதையோ விழுங்கிவிட்டதாம் என்று காஜா பாய் சொன்னார். எதை என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதே பஸ் பிடித்து, தாமுவின் வீடு இருக்கும் திருக்கழுக்குன்றம் போனேன். வீடு பூட்டியிருந்தது. சென்னைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அங்கிருந்து நேராக ஒரு டாக்டரிடம் போய், யாருக்கோ என்பதுபோலக் கேட்டேன். நாணயம் என்றால் பெரும்பாலும் தானே வெளியே வந்துவிடும், செல் உணவுக்குழாயில் மாட்டினால் சில மணி நேரத்தில் உள்ளே வெந்துவிடும் என்றார்.

அவனே ஒருநாள் கடைக்கு வந்தான். இளைத்திருந்தான். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டான். ஆல்பத்தையெல்லாம் பரணில் போட்டுவிட்டதாக, என் காசுப் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னான். “வெறும் நாலணாதான். வாழப்பழம் குடுத்தோம், மூணா நாள் வந்திட்ச்சி. நீ போட்டுக் கொழப்பிக்காத, அண்ணாத்த.”

பந்தி

மூன்றாம் நாள் வந்துவிட்ட காசுக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்னையில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

ஆறேழு வருஷம் கழித்து, காஜா பாய் புது வீடு கட்டி விருந்து வைத்தார். எனக்கு எதிர்ப்பந்தியில் தாமுவும் செல்வியும். அந்தப் பெண் சோற்றைக் குழையப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கண்ணை மூடி விழுங்கினாள். மற்றவர்கள் எழுந்த பிறகும் பாதி இலை மீதி இருந்தது. பழகிய வேலை போல அவள் அவசரப்படாமல் சாப்பிட்டாள். நான் பார்ப்பதைத் தாமு பார்த்துவிட்டான். தண்ணீர் சொம்பை நகர்த்துவதுபோல் சாய்ந்து எனக்கு அவளை மறைத்தபடி, மெதுவாகச் சொன்னான்: “சின்னதுலேர்ந்தே அப்படித்தான், மெதுவாத்தான் துன்னும்.”

பஸ் கண்டக்டர் தரும் சில்லறையைக்கூட, எந்த ஊரில் அச்சடித்தது என்று வருஷத்தின் அடியில் உள்ள குறியைப் பார்க்காமல் பைக்குள் போடாதவன் தாமு. மகள் விழுங்கியது நிஜமாகவே நாலணா என்றால், அதன் குறியும் அவனுக்கு மறந்திருக்காது. கை கழுவும் இடத்தில் அவன் பக்கத்தில் போய் நின்றேன், இத்தனை வருஷம் ஊரார் காசையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என் சந்தேகத்தை ஒருவழியாக வாய்விட்டுக் கேட்டேன்: “தாமு, அந்த நாலணால வருஷத்துக்குக் கீழ இன்னா குறி இருந்திச்சி?”