மூன்றேமுக்கால் கியரும் வளர்மதியும்

வளர்மதிக்கு வாய் நீளம் என்று நடுமேட்டுக்குப்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால் அதே எல்லோரும் போன் போடுவது அவளுக்குத்தான். எஞ்சின் கிளம்பாமல் இருமுகிற சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, "டீசல் பில்டர்ல தண்ணி பூந்துகீது, கழட்டி ஊத்துய்யா" என்பாள். ஊற்றியதும் எஞ்சின் ஓடும். நன்றி சொல்லப் போன் வராது, அவளும் எதிர்பார்க்க மாட்டாள். மறுநாள் கரையில் நல்ல இறால் ஒரு பை அவள் வேலை பார்க்கும் கொட்டகை வாசலில் தொங்கும், அவ்வளவுதான்.

அவள் பிறந்தது பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில். நைனா ஏரியில் இறால் பிடித்தவர். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "பொண்ணுக்கு எதுக்கு இந்தக் கறுப்பு எண்ணெய்?" என்று கேட்ட உறவுக்காரர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. பிறகு கடலோரத்தில் இருக்கும் இந்தக் குப்பத்துக் கவியரசனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கவியரசன் பைபர் படகில் சுக்கான் பிடிக்கிறவன், அதிகம் பேசாதவன். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

ஊர்ப் பொதுக் கொட்டகையில் ஒரு பக்கத்தை எஞ்சின் பழுது பார்க்க அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கேதான் அந்தக் கார் வந்து சேர்ந்தது. வந்த கதை பெரிய கூத்து. ஒரு சினிமா கம்பெனி துரத்தல் காட்சி எடுக்க எங்கிருந்தோ பழைய அமெரிக்கக் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. எட்டு சிலிண்டர், நீள மூக்கு, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர். ஸ்டண்ட்காரர் ஏரிக்கரையில் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பவில்லை. கார் நேராகச் சேற்றில் போய் மூக்குவரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. "நீங்களே எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி கிளம்பிவிட்டது. கரைவலை இழுக்கிற கயிற்றைக் கட்டி ஊரே சேர்ந்து காரை வெளியே இழுத்துப் போட்டது. அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, கோழிகளைத் தவிர. அவை பின்சீட்டில் முட்டையிட்டன.

வளர்மதிதான் அதைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். படகு வேலை முடிந்த நேரமெல்லாம் காரோடு கிடந்தாள். உப்பு தின்றதைச் சுரண்டி, எஞ்சினை அக்கக்காகப் பிரித்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றி, மேல்சுற்றில் பேய்போல இழுக்கும் எஞ்சினாக ஆக்கினாள். முதல்முதலாக அது உறுமிய அன்று குப்பத்து நாய்கள் எல்லாம் கடலைப் பார்த்து ஓடின.

இதற்குள் ஊர்த் தலைவர் ஆதிநாராயணனுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல மனிதர், ஆனால் ஊர்ச் சொத்து என்றால் ஊசிமுனை இடத்தைக்கூட விடமாட்டார். மீனுக்கு ஐஸ் வைக்கக் கொட்டகை வேண்டும் என்று பஞ்சாயத்தைக் கூட்டினார்.

"படகு எஞ்சினு பாக்கறதுக்குத்தான் எடம் குடுத்தோம், மருமவளே. ஊருக்கு ஒதவாத வண்டிய அங்க எதுக்கு வச்சிகினு கீற? வெளிய தள்ளு."

"பந்தயத்துக்குச் செய்யறேன் மாமா."

கூட்டத்தில் யாரோ, "கூரை ஏறிக் கோழி புடிக்காதவ வானம் ஏறி வைகுண்டம் போறாளாம்" என்றார். கோழி என்றதும் எல்லோருக்கும் பின்சீட்டு ஞாபகம் வந்து சிரிப்பு அடங்கவே இல்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் வளர்மதி இல்லையே. எழுந்து நின்றாள். "பொங்கல் கழிஞ்சி மெட்ராஸ்ல பந்தயம் வருது. அதுல பெரிய வண்டிங்க ஓட்டத்துல மொதல்ல வரலேன்னா, நானே அத்த இரும்புக் கடையில போட்டுட்டு, கொட்டகையக் கூட்டிக் கழுவி உங்க கையில குடுக்கறேன். வந்துட்டா, கொட்டகை எனக்கு."

"பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன்."

கவியரசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்தப் பந்தயத்தில் வளைவு நெளிவு கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் கால் மைல். யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்களோ அவர்களுக்கு. அதனால் வண்டி நின்ற இடத்திலிருந்து எப்படிப் பாய்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, பின் அச்சில் இருக்கும் கியர். இன்னொன்று, எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர். பெயர்தான் பெரிது. எண்ணெய் நிரம்பிய உருண்டை டப்பா, உள்ளே எதிரெதிராக விசிறிகள். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும், அது தள்ளும் எண்ணெய் எதிர் விசிறியைச் சுற்றும், வண்டி நகரும். சில கன்வெர்ட்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பிடித்துக்கொள்ளும். சில, எஞ்சின் நன்றாக முறுக்கேறும்வரை சறுக்கவிட்டு அப்புறம்தான் பிடிக்கும்.

அவளோடு ஐ.டி.ஐ. படித்த ரஞ்சித் இப்போது சென்னையில் பந்தய வண்டிச் சாமான்கள் வரவழைத்து விற்கிறான். அவன் படித்துப் படித்துச் சொன்னான்.

"வளரு, நீ போட்டுகீற கேமுக்கு சறுக்குற கன்வெர்ட்டர்தான் சரி. கியரும் நல்லா இழுவையா எடு."

"சறுக்கறத துட்டு குடுத்து வாங்குவாங்களா? நீ ஆள உடு."

இதைத் திமிர் என்று நினைத்துவிடக் கூடாது. ஏரியில் வளர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான், கீழே சேறு. படகு நகர்வதற்கு முன்னால் எஞ்சினை முறுக்கினால் புரொப்பெல்லர் சேற்றைக் கலக்கும், அந்தச் சேறு எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர்க் குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் வெந்துபோகும். ஆகவே முதலில் மெல்லக் கிளப்பு, படகு நகரட்டும், பிறகு கொடு. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இது எழுத்துக்கு முன்னால் வரும் பாடம். நின்ற இடத்தில் முறுக்குகிறவனை முட்டாள் என்பார்கள். வளர்மதி அந்தப் பழக்கத்தை அப்படியே காரில் மாட்டிவிட்டாள். சறுக்கவே சறுக்காத இறுக்கமான கன்வெர்ட்டர். எஞ்சின் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று மூன்றுக்குக் கொஞ்சம் கீழே பின் கியர். அதாவது தண்டு மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினாலே சக்கரம் ஒரு சுற்று வந்துவிடும். இந்த எண் கூடினால் இழுவை கூடும், ஆனால் எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் அலுங்காமல் போக அருமையான ஏற்பாடு.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் உள்சாலையில், சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். போட்டிக்குப் பக்கத்தில் ரஞ்சித் தன் சாதாரணக் காரோடு நின்றான். கொடி இறங்கியது. வளர்மதி மெல்லக் கிளப்பினாள். எட்டு சிலிண்டரும் புரையேறின கிழவன் மாதிரி இருமின. முக்கி முனகி அது வேகம் எடுப்பதற்குள் ரஞ்சித் கோட்டைத் தொட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு எதிரே வந்துவிட்டான். வேடிக்கை பார்க்க வந்த குப்பத்து ஆட்கள் சிரிக்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தன. எங்கே தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது.

தப்பைக் காட்டிக்கொடுத்தது கடல். கவியரசனின் படகு எஞ்சினில் டீசலைத் தெளிக்கும் புது ஊசிமுனைகள் போட்டிருந்தாள். ஓட்டத்தில் சோதிக்க அவனோடு கிளம்பினாள். பெண் கடல் படகில் ஏறுவதைப் பற்றி முணுமுணுப்பவர்கள் ஊரில் உண்டு. மெக்கானிக் ஏறினால் முணுமுணுக்க முடியவில்லை, எஞ்சின் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. முகத்துவாரம் வந்தது. ஏரி கடலைச் சந்திக்கும் அந்த வாயில் அலைகள் வரிசையாக உடைந்துகொண்டிருந்தன. கவியரசன் படகின் மூக்கை அலைக்கு நேராக வைத்து, எஞ்சினை முறுக்கினான். உள்ளே வரும் நீரோட்டம் படகைப் பின்னே தள்ள, எஞ்சின் முன்னே தள்ள, படகு நின்ற இடத்திலேயே நின்று உறுமியது.

வளர்மதிக்கு உடம்பெல்லாம் கூசியது. "யோவ், நகராத படகுல இன்னாத்துக்கு முறுக்கற? எஞ்சினு வெந்துரும்!"

"இங்க ஏது சேறு? ஆழம்கீது." அவன் கண் அலையை விட்டு நகரவில்லை. "முறுக்கி வச்சாத்தான் அலை ஓய்ஞ்ச நேரம் தாவும். ஓய்ஞ்சப்புறம் முறுக்குனா, எஞ்சினு முழிச்சிக்கறதுக்குள்ள அடுத்த அலை நம்மளத் தின்னுட்டுப் பூடும்."

பெரிய அலை ஒன்று உடைந்து அடங்கியது. கவியரசன் முழுசாகக் கொடுத்தான். படகு துள்ளிப் பாய்ந்து, அடுத்த அலை எழும்புவதற்குள் அதன் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டது.

வளர்மதி அவன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். "இத்த ஏன்யா இவ்ளோ நாளா சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றான் கவியரசன், முதுகைத் தேய்த்துக்கொண்டே.

கரை சேர்ந்ததும் ரஞ்சித்துக்குப் போன் போட்டாள். "நீ சொன்னதுதான்டா சரி. நிக்கறப்பவே எஞ்சினு முறுக்கிகினு இருக்கணும். சறுக்குற கன்வெர்ட்டர் அனுப்பு. பின் கியரு நாலரை அனுப்பு." ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே தாவல், அவள் குணம் அது.

ரஞ்சித் சிரித்தான். "நாலரை போட்டா நின்ன எடத்துல டயர் சுத்தும். அதுக்கும் மேல, கோடு வர்றதுக்குள்ள எஞ்சினுக்கு மூச்சு தீந்துடும். உன் டயரு ஒசரம் இன்னா, வண்டி கனம் இன்னா, எந்தச் சுத்துல எஞ்சினு உச்சத்துக்குப் போவுது? அத்தப் பாத்து எடு."

இந்தத் தடவை கேட்டுக்கொண்டாள். டயரை அளந்தாள், டிரைவர் சீட்டில் தானும் உட்கார்ந்து காரை எடை போட்டாள். கோட்டைத் தொடும் அந்த நொடியில் எஞ்சின் தன் உச்சத்தில் இருக்க வேண்டும், அதற்கு முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. கணக்குப் போட்டுப் போட்டு அழித்தாள். கடைசியில் மூன்றேமுக்கால் என்று வந்தது. கன்வெர்ட்டரிலும் பேராசைப்படவில்லை. எஞ்சினுக்குப் பலம் வரத் தொடங்குகிற சுற்றில் பிடிக்கிற மாதிரி ஒன்றை எடுத்தாள். சறுக்கும்போது உள்ளே எண்ணெய் கொதிக்கும் என்பதால், அதைக் குளிர்விக்க முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டரும் வைத்தாள்.

பந்தயத்தன்று குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆதிநாராயணன் முன்சீட்டில். பாதிப் பேர் அவள் தோற்பதைப் பார்க்க வந்தவர்கள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. முதல் ஓட்டங்களில் கார் ஜெயித்தது. ஒவ்வொரு தடவையும் வேன் ஆட்களின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. கடைசி ஓட்டத்தில் போட்டிக்குப் பக்கத்தில் நின்றது கோயம்புத்தூரிலிருந்து வந்த புத்தம் புதுக் கார். அதன் சொந்தக்காரர் மரியாதையாக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

கோட்டில் நின்றாள். இடது கால் பிரேக்கில். வலது காலால் முறுக்க வேண்டும். அங்கேதான் அவளுக்கு உண்மையான பந்தயம். இத்தனை வருஷமாக நகராத எஞ்சினை முறுக்காதே என்று வளர்ந்த கால் அது. முந்தைய ஓட்டங்களில் பாதிதான் மிதித்திருந்தாள். அது போதுமாக இருந்தது. இப்போது போதாது. கார் நின்ற இடத்தில் நடுங்கியது, எஞ்சின் கத்தியது, சேறு சேறு என்று உடம்பு முழுக்க ஒரு குரல் கத்தியது. "ஆழம்கீதுடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இன்னும் மிதித்தாள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

பிரேக்கை விட்டாள். கார் பாய்ந்தது, சீட் முதுகில் அறைந்தது. புதுக் கார் அவள் பக்கவாட்டில் ஒரு நொடி இருந்தது, பிறகு இல்லை. கியர் தானாக மாறியது, மறுபடி மாறியது. கடைசிப் பகுதியில் எதிராளி சத்தம் பின்னால் நெருங்குவது கேட்டது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் உச்சத்தைத் தொட்டது, அதே நேரத்தில் கோடு காலடியில் போய்விட்டது. எதிரே பலகையில் அவள் பக்கத்து விளக்கு எரிந்தது. அவள் பக்கம்! இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், தனியாக உட்கார்ந்து காது கிழிய ஒரு கூச்சல் போட்டாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

கவியரசன் ஓடி வந்தான். பேசாத மனிதன் தொண்டை கட்டிப்போகும் அளவுக்குக் கத்திக்கொண்டு வந்தான். பின்னால் மொத்த வேனும். காரைச் சுற்றி நின்று தட்டித் தட்டி அதன் கதவையே பெயர்த்துவிடுவார்கள் போலிருந்தது. சென்னைப் பையன்கள் சிலர் போனோடு வந்து, "இது யாரு வண்டி சார்?" என்று ஆதிநாராயணனைக் கேட்டார்கள்.

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். கண்ணெல்லாம் ஈரம். "எங்க ஊரு வண்டி! நடுமேட்டுக்குப்பம் வண்டி!"

வளர்மதி கதவைத் திறந்து இறங்கினாள். முகம் முழுக்கப் புகையும் கண்ணீரும்.

"ஊரு வண்டியா? மாமா, இது என் வண்டி."

ஆதிநாராயணன் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, காரின் மூக்கில் ஒட்டியிருந்த தூசியைத் தன் கையாலேயே துடைத்தார்.

"ஒன் வண்டிதான், மருமவளே" என்றார். "கொட்டகையும் ஒன்னுதுதான்."

ஐஸ் பெட்டியை அவர் தன் வீட்டு வாசலிலேயே வைத்துக்கொண்டார்.