ஓரத்தில் கிடந்த வரி

மந்தைவெளியில் ஸ்ரீரங்கனின் டைப்பிங் கடையில் ஆரோக்கியமேரி வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். வக்கீல் நோட்டீஸ், கல்லூரி ஆராய்ச்சி, கல்யாண பயோடேட்டா என்று மலைமலையாக அடித்துத் தள்ளியிருக்கிறாள். அதையெல்லாம் யாராவது படித்தார்களா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். வாங்க வருகிறவர்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

தொண்ணூற்று மூன்று டிசம்பரில், பாண்டி பஜார் ஜவுளிக்கடைக்காரர் மகள் சரண்யா ஒரு நோட்டோடு வந்தாள். மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறாளாம். குறிப்புகளை டைப் அடித்துத் தர வேண்டும். அடிக்க அடிக்க மேரிக்குச் சிரிப்பு வந்தது. ஈரக்காற்றில் இன்ஜின் வேகத்தைக் குறைத்து இறங்கினால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிக் குளிர்ந்து ஐஸ் பிடிக்குமாம். இன்ஜினுக்கு மூச்சு முட்டுமாம். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழை இழுக்க வேண்டுமாம். மெட்ராஸ் புழுக்கத்தில் ஐஸா? யாருக்குக் காது குத்துகிறார்கள்?

அப்போதுதான் ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்ததைப் பார்த்தாள். ‘குமிழை இழுத்ததும் முதலில் இன்னும் மோசமாகக் குலுங்கும். ஐஸ் உருகுகிறது. பயந்து குமிழைத் திரும்பத் தள்ளாதே.’ இரண்டு முறை படித்தாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ரிப்பனைச் சிவப்புக்கு மாற்றி அந்த வரியை அடித்தாள்.

ஸ்ரீரங்கனுக்கு மூக்குக்கு மேல் கோபம். “ஓரத்துல கிறுக்கினதை அடிக்கப்படாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அதுவும் சிவப்புல!” அந்தப் பக்கத்தை மறுபடி டைப் அடிக்கச் சொன்னார். அதற்குள் சரண்யா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு காலை, சரண்யா தன் அம்மா தங்கபுஷ்பத்தோடு வந்து நின்றாள்.

“முந்தாநாள் தனியா பறந்தேன்க்கா. மழை பேஞ்சு விட்டிருந்துச்சு. வானத்துலயே கொஞ்சம் கீழ எறங்கிட்டு மறுபடி வேகம் குடுத்தா இன்ஜின் ஏறவே மாட்டேங்குது. குமிழை இழுத்தேன். அவ்ளோதான், இருமித் தள்ளிருச்சு, ப்ளேனே ஆடுது. கை தானா குமிழை உள்ள தள்ளப் போச்சு. அப்பதான் உங்க செவப்பு வரி கண்ணு முன்னாடி நின்னுச்சு. கைய நிறுத்திட்டு எண்ண ஆரம்பிச்சேன்.”

மேரி நாற்காலி நுனிக்கு வந்தாள். “அப்பால இன்னா ஆச்சு?”

“இருபது எண்றதுக்குள்ள சரியாயிருச்சுக்கா. அதைக் கிறுக்குனதே நான்தான். மறந்தே போச்சு.”

ஸ்ரீரங்கன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் மேரி, அந்த வரியை மட்டும் ஏன் சிவப்புல அடிச்சே?”

“எனக்கு ப்ளேனப் பத்தி இன்னா சார் தெரியும்? நாம கை வெச்சதும் மோசமாச்சுன்னா யாருன்னாலும் கைய எடுத்துருவாங்க. நானே எடுத்திருப்பேன். அதான் பயந்துக்கினே அடிச்சேன்.”

தங்கபுஷ்பம் முன்னால் வந்தாள். டைப்ரைட்டருக்கு மேலாகக் கையை நீட்டி, மேரியின் மை படிந்த விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ரெண்டு நாளா அழுதுட்டுதான் கெடந்தேன்க்கா. இந்தக் கையப் பாக்கணும்னுதான் வந்தேன்.”

மேரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.  சரண்யாவைப் பார்த்தாள்.

“படிச்சதுக்கு ரொம்ப தாங்க்ஸ், கண்ணு” என்றாள்.