சாமிக்கு நேர்ந்த பொமரேனியன்

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை போடப் போவதாகச் சொன்னபோது வீட்டில் யாரும் கோபப்படவில்லை. சிரித்தார்கள். கோபப்பட்டிருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அப்போது நான் நான்காம் வகுப்பு. எனக்கு மட்டும் அது உலகத்திலேயே உருப்படியான யோசனையாகத் தெரிந்தது. நகம் வெட்டினால் நாய் கடிக்காதா, ஷாம்பு கண்ணில் பட்டால் அதற்கும் எரியுமா, கடைசியில் பவுடர் பூசுவார்களா என்று கேட்டுக் கேட்டு அத்தையின் உயிரை எடுத்தேன்.

அத்தை பி.காம் முடித்துவிட்டு ஒரு கால்நடை மருத்துவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தாள். நாயை எப்படிப் பிடிப்பது என்பதை அங்கே கற்றுக்கொண்டாள். மிச்சத்தைச் செல்போன் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். புதூரில் எங்கள் வீட்டை ஒட்டி, கார் இல்லாத ஒரு கார் ஷெட் இருந்தது. அதைத் தரும்போதே அப்பா ஒரு நிபந்தனை போட்டார். எழுமலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். போட்டோவில் தெரிந்த இடுப்பு வரைக்குமான சடை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாய் குளிப்பாட்டுவது மட்டும் பிடிக்கவில்லை. அவர்கள் வரும்வரை கடை நடக்கலாம், வந்து பூ வைத்துவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட வேண்டும். அத்தை தலையாட்டினாள். என்னிடம் மட்டும், "கொஞ்ச நாள் கெடச்சாப் போதும்டீ, கடைய நிக்க வச்சுருவேன்" என்றாள்.

வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டினோம். வந்தவர்களில் பாதிப் பேர் குட்டி விற்கிறீர்களா என்று கேட்டார்கள். பக்கத்துத் தெரு பாய் ஒருவர் பக்ரீத்துக்கு வாங்கிய கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்து, "இதையும் குளிப்பாட்டித் தருவியாம்மா?" என்றார். அத்தை அதற்கும் ஷாம்பு போட்டாள். கிடாய் மல்லிகை மணத்தோடு வீடு திரும்பியது.

நாய் என்று உருப்படியாக முதலில் வந்தது உரக்கடைக்காரரின் பொமரேனியன். வெள்ளை நாய் என்று அவர் சொன்னதால்தான் நம்பினோம். உடம்பு முழுக்கச் சிக்கு. சீப்பு உள்ளே போகவே மறுத்தது. "வீட்டுல அவ கத்திரியப் பக்கத்துலயே விடமாட்டேங்குறாம்மா, ஏன்னும் சொல்லமாட்டேங்குறா. ஊருக்குப் போயிருக்கா, வாரதுக்குள்ள சுத்தம் பண்ணிருவோம்" என்றார் அவர். பொமரேனியனுக்கு ஒட்ட வெட்டக்கூடாது என்பது அத்தைக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிக்குக்கு வேறு வழியில்லை. பிசிறு பிசிறாக எடுத்து முடித்தபோது அதற்குள்ளிருந்து ரொம்பச் சின்னதாக, வெட்கப்படுகிற ஒரு நாய் வெளியே வந்தது. நான் கை தட்டினேன்.

மறுநாள் அவர் மனைவி வந்தார். ஷெட் வாசலில் நின்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. குட்டியாக இருந்தபோது ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்துச் சாகக் கிடந்த நாயாம் அது. பிழைத்தால் மேலூர்ப் பக்கம் இருக்கும் குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறார். நாய்க்கு மொட்டையா என்று சிரிப்பாரே என்று கணவரிடம் சொல்லவில்லை. "சாமி முடியில கை வச்சுட்டியே! இனி இந்தக் கடைக்கு எவளாச்சும் நாயக் கொண்டாந்தா என்னையக் கேளு!" என்றார். அத்தையின் முகம் வெளுத்துப்போனது. குப்பைக்கூடையிலிருந்து முடி முழுவதையும் பொறுக்கி ஒரு மஞ்சள் துணியில் கட்டினாள். நானும் கூடவே பொறுக்கினேன். கிடாயின் முடியும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உரக்கடைக்காரரின் வேனில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். நாய் என் மடியில் வந்தது. கோயிலில் கருப்பசாமியின் காலடியில் ஒரு மண் நாயும் நின்றது. அதைப் பார்த்ததும் நம் பக்கம் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பூசாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். நாய் முடி என்பதில் அவருக்கு ஆட்சேபமே இல்லை.

"சாமிக்கு நேந்த முடிய சாமி முன்னால எறக்கணும். ஷெட்டுல எறக்கிப் பொட்டலங்கட்டிக் கொண்டாந்தா எப்புடி? வெட்டுன புள்ள ஈடு குடுக்கட்டும். பொம்பளப்புள்ள, பூமுடி போதும்" என்றார். நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுத்தால் போதும் என்று அதற்கு அர்த்தம்.

அத்தை சடையை முன்னால் எடுத்துப் போட்டு ஒரு நிமிடம் பார்த்தாள். "பூமுடி வேணாண்ணே, மொட்டையே எடுத்துருங்க" என்றாள்.

பூசாரியே திகைத்துவிட்டார். உரக்கடைக்காரரின் மனைவி, "ஐயோ, அம்புட்டு வேணாந்தாயி" என்று கையைப் பிடித்தார். அத்தை கேட்கவில்லை. சடை கீழே விழுந்தபோது நான்தான் ஓவென்று அழுதேன். அத்தை சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டு, "காத்து நல்லா வருதுடீ" என்றாள்.

வீட்டில் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எழுமலைக்குப் போன் போட்டு, வேண்டுதல் அது இது என்று மென்று விழுங்கினார். சாமி காரியத்தில் யார் என்ன சொல்ல முடியும்? முடி வளரட்டும், அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தன் நாய்க்காகத் தலைமுடியையே கொடுத்த பெண் என்று உரக்கடைக்காரரின் மனைவி ஊரெல்லாம் சொல்லி நாய்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

எனக்கோ அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் அவளை உட்காரவைத்துக் கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்துவிடுவேன். "பாத்துத் தேய்டீ, ரொம்ப வளந்துறப்போவுது" என்று சிரிப்பாள். நல்ல எண்ணெய்தான், ஆனால் மாதங்கள் போயும் முடி விரல்கடைக்கு மேல் ஏறவே இல்லை. எழுமலைக்காரர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, வேறு இடம் பார்க்கப் போய்விட்டார்கள். கிடாய் முடியைக் கலந்துவிட்டதால்தான் சாமி கோபமாக இருக்கிறது என்று நான் பயந்துபோய்க் கிடந்தேன்.

ஒரு விடுமுறை நாளில், நாய் ஒன்றும் வராத நேரத்தில், உள்பக்கம் தாழ் போட்டிருந்த ஷெட்டுக்குள் முடி வெட்டும் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. கழுத்தில் துண்டோடு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"நாயே வரலையே, மெஷின் எதுக்கு அத்தை ஓடுது?"

"சும்மா, ஓடுதான்னு பாத்தேன்."

சரி என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவரப் போனேன். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றித் தேய்த்துவிட்டேன்.