ரிஃபானாவின் காது

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு, மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் காதை வைக்கிறார் ரிஃபானா. கண்கள் மூடியிருக்கின்றன. மன்னார்புரத்து மாடியறையில் வியர்த்து வழிய நிற்கும் வாடிக்கையாளர் இருமினால்கூட அவருக்குப் பொறுக்காது. "கொஞ்சம் இருங்க சார், பின்னாடி ஃபேன் முணுமுணுங்குது" என்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார். அதன்பிறகும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெளிந்துவிட்டது.

நாற்பத்தொரு வயது, பாலிடெக்னிக் டிப்ளமோ. ஒன்பது வருடம் வேறொருவர் கடையில் வேலை பார்த்தார். ரிஃபானா பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய கம்ப்யூட்டரை வாடிக்கையாளருக்கு விளக்குவதற்கு முதலாளி ஓர் ஆண் ஊழியரைக் கூப்பிடுவாராம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது சொந்தக் கடை. உள்ளே எட்டிப் பார்த்து "இன்ஜினியர் இல்லையா?" என்று யாராவது கேட்டால், நிமிராமலே பதில் வரும்: "வெளிய போயிருக்காரு. வர பத்து வருஷம் ஆகும்."

நான் போனது என் தேவைக்காக. வேகமாக இருக்கவேண்டும், எழுதும்போது காதருகே இரையக்கூடாது என்றேன். முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். "சத்தம்னா சூடு சார். சூட்டைக் குறைங்க, சத்தம் தன்னால அடங்கும்" என்றார். வேலைக்குத் தேவையான வேகம் உள்ள, வீணாகச் சூடேறாத பிராசஸர். அதன் தலையில் சூட்டை இழுத்துக்கொள்ளும் பெரிய அலுமினியத் தகட்டுக் கூடு. அவசரமாகச் சுழலும் சின்ன விசிறிகளுக்குப் பதில் நிதானமாகச் சுழலும் பெரிய விசிறி இரண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டவே வேண்டாம். பவர் சப்ளையை மட்டும் முலாம்பழம் வாங்குகிறவரைப் போல உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எடையில்லாதது மட்டம் என்று திரும்பப் பெட்டிக்குள் போனது. கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் உள்ள பெட்டி ஒன்றைக் காட்டி அது எப்படி என்று கேட்டேன். "அது கல்யாண மண்டப வாசலுக்கு" என்றார்.

என் கம்ப்யூட்டரை எடுக்கப் போன அன்றுதான் துறையூரிலிருந்து அந்த ஃபோன் வந்தது. பேசியவர் சுபலட்சுமி, அங்கே ஓர் அறக்கட்டளை நடத்தும் மையத்தில் குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதிப்பவர். நான்கு மாதம் முன்பு பரிசோதனை அறைக்கென்று சத்தமில்லாத கம்ப்யூட்டர் கேட்டு வந்தவர் அவர். ரிஃபானா ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஃபோனைக் கேட்கக் கேட்க ரிஃபானாவின் முகம் இறுகியது. பட்டியலை மையத்தின் மேலாளர் மாற்றிவிட்டாராம். கண்ணாடிப் பெட்டி, நான்கு கலர் விசிறி, கையில் கிடைத்த பவர் சப்ளை. யாரோ பூட்டித் தந்திருக்கிறார்கள். அது ஓடும் அறையில் மெல்லிய ஒலிகளைக் கேட்க முடியாமல் அறிவுமதி என்ற ஆறு வயதுப் பெண்ணின் பெயர், காதுக் கருவி பொருத்தவேண்டியவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது. கம்ப்யூட்டர் சத்தம்தான் காரணமோ என்று தனக்குச் சந்தேகமாக இருப்பதாகச் சுபலட்சுமி சொல்லியும் மேலாளர் கேட்கவில்லை.

என் காரிலேயே துறையூர் போனோம். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ரிஃபானா என் பக்கம் திரும்பினார். "புள்ளைக்குக் காது கேக்கலன்னு அப்பன் ஆத்தாகிட்ட சொல்லியிருப்பாங்க இல்ல சார்?" என்று மட்டும் கேட்டார்.

மேலாளர் அருள்ராஜ் கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார். நன்கொடையாளர்கள் வந்து படம் எடுக்கும் இடம், பார்வையாக இருக்கட்டுமே என்று நினைத்ததாகச் சொன்னார். எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்தானே, ஃபேன் சத்தத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றும் கேட்டார். ரிஃபானா டீயைத் தொடவில்லை. பரிசோதனை அறையில் குழந்தைகள் உட்காரும் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க சார்" என்றார்.

அருள்ராஜ் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சுபலட்சுமி அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். ஒலி தரும் கருவி தனி. கம்ப்யூட்டர் முடிவுகளைப் பதிவு செய்வதோடு சரி. அது மேசைமேல் நீலமும் சிவப்புமாக மின்னியபடி இரைந்துகொண்டிருந்தது. ஒலி போனதற்கு அடையாளமாகக் கருவியில் சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. அவர் கை மடியிலேயே இருந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. சிரிப்பு மெதுவாகக் குறைந்தது.

ரிஃபானா கம்ப்யூட்டரின் சுவிட்சை அணைத்தார். அறை திடீரென்று அகலமானதுபோல இருந்தது. சுபலட்சுமி ஒலியின் அளவை மாற்றாமல் அதே பொத்தானை அழுத்தினார். அருள்ராஜின் கை மேலே எழுந்தது.

"உங்களுக்குக் காது கேக்கலன்னு எழுதி, கருவி மாட்டி அனுப்பலாமா?" என்றார் ரிஃபானா. குரலை உயர்த்தவில்லை. அருள்ராஜ் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தக் கம்ப்யூட்டர் வந்தபிறகு எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தீர்கள் என்று ரிஃபானா கேட்க, பதினேழு என்றார் சுபலட்சுமி. பதினேழு பேரையும் திரும்பக் கூப்பிடுவதாக அருள்ராஜ் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே ரிஃபானா அங்கிருந்து கிளம்பினார்.

பத்து நாளில் பழைய பட்டியலின்படி எல்லாப் பாகங்களும் வந்து சேர்ந்தன. ரிஃபானா அங்கேயே உட்கார்ந்து பூட்டினார். ஓடுகிறதா இல்லையா என்று தெரியாமல் சுபலட்சுமி இரண்டு முறை திரையைத் தட்டிப் பார்த்தார். முதலில் வந்தவள் அறிவுமதி. மிக மெல்லிய ஒலிக்கும் கை தூக்கினாள். இரண்டு காதிலும் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்ற அப்பா சின்னையா, இனி மகளிடம் கத்திப் பேச வேண்டாமா என்று சுபலட்சுமியிடம் கேட்டார். மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் அவளிடம் கத்தித்தான் பேசினார்களாம். பதினேழு பேரில் உண்மையாகவே கருவி தேவைப்பட்டவர்கள் இருவர்.

கிளம்பும்போது, கழற்றி வைத்த பழைய கண்ணாடிப் பெட்டி கம்ப்யூட்டரை ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அருள்ராஜ் தயங்கியபடி கேட்டார். ரிஃபானா சரியென்று தலையசைத்து அதைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தார். அதன் நெற்றியில் வெள்ளி எழுத்தில் 'சைலன்ட்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் கொடுத்து, பசை மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்து, உருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.